பூட்டிய பெட்டிக்குள் மீன் இல்லை

காலை ஏழு மணிக்கு டோரீன் ஹால்வர்சன் பூங்கா அலுவலக ஃப்ரீசரின் பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கினாள். உள்ளே ஐஸ் பைகளுக்கு மேல், கயிறு கட்டிய கித்தான் மூட்டை முந்தைய மாலை வைத்தபடியே கிடந்தது. மீன்வளத் துறைக் காவலர் கர்ட் ஸ்வோபோடாவும் வெண்டலும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கி மேசைமேல் வைத்தார்கள். கர்ட் தராசைச் சரிபார்த்தார். வெண்டல் கயிற்றை அறுத்தான். பலகைபோல் உறைந்திருந்த கித்தானைக் கிழித்துவிடாமல் மெல்லப் பிரித்தார்கள்.

உள்ளே ஒரு மரக்கட்டை இருந்தது.

வெகுகாலம் நீரில் கிடந்து கறுத்த கட்டை. பட்டை உரிந்து, பாசி படிந்து, மேலெல்லாம் உறைபனி பூத்திருந்தது. கர்ட் முதலில் சிரித்தார். வெண்டல் விளையாடுகிறான் என்று நினைத்திருக்க வேண்டும். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"என்கிட்ட" என்றாள் டோரீன்.

"இன்னொரு சாவி?"

"அதுவும் என் வீட்லதான். சமையலறையில மாட்டியிருக்கு."

"ராத்திரி யாருக்காவது குடுத்தீங்களா?"

"இல்ல."

கர்ட் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. வெண்டல் கட்டையைப் பார்த்தான், ஐஸ் பைகள் மட்டும் மிஞ்சிய ஃப்ரீசரைப் பார்த்தான், கடைசியில் டோரீனைப் பார்த்தான்.

"அது என்ன மீனுன்னு உனக்குத் தெரியும், டோரீன்" என்றான் தணிந்த குரலில். "வேற யாராவது எடுத்தாங்கன்னா நான் நம்பியிருக்க மாட்டேன்."

அவன் பக்கத்தில் சிவப்பு ஜாக்கெட் போட்ட அவனுடைய மனைவி ஷெல்பி கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

ஸ்டில்சன் ஏரி மாநிலப் பூங்காவுக்கு டோரீன்தான் ரேஞ்சர். விஸ்கான்சினின் வடகோடியில், ஊர்களிலிருந்து விலகிக் கிடக்கும் ஏரி அது. வேலையோடு சேர்த்துக் கொடுத்த மரவீட்டில் வெண்டலும் அவளும் நெடுங்காலம் குடும்பம் நடத்தினார்கள். கோடையெல்லாம் கூடாரம் போட வருகிறவர்களைக் கவனிப்பது அவள் வேலை. இலை பழுக்கும் பருவம் வந்தால் இருவரும் படகை எடுத்துக்கொண்டு மஸ்கி தேடிப் போவார்கள். மனிதன் காலளவு நீளம் வளர்கிற, ஆயிரம் தடவை தூண்டில் வீசினால் ஒரு தடவை வருகிற வேட்டைமீன். அதிலும் நாணல் வளைவில் ஒரு கிழட்டு மஸ்கி இருந்தது. இருவரும் அதை இரண்டு முறை பார்த்திருக்கிறார்கள்; ஒரு முறை அது டோரீனின் தூண்டிலை முள்ளோடு அறுத்துக்கொண்டு போனது, கையால் தொட்டதே இல்லை. பிறகு வெண்டல் வேலைக்கென்று நகரத்துக்குப் போனான். அங்கேயே தங்கினான். விவாகரத்து ஆனது. போன வசந்தத்தில் அவன் மறுபடி கல்யாணம் செய்துகொண்ட செய்தி ஊர் சுற்றி அவள் காதுக்கு வந்தது.

இந்த வாரம் புது மனைவியோடு வந்து நாணல் வளைவின் ஓரமாகக் கூடாரம் போட்டான். ஷெல்பி அவனைவிடப் பத்து வயது இளையவள். முதியோர் இல்லத்தில் வேலை. வியாழக்கிழமைதான் முதல்முறையாகத் தூண்டிலைக் கையில் எடுத்தாள். வெள்ளிக்கிழமை மாலை அந்தக் கிழட்டு மஸ்கி அவள் தூண்டிலில் கடித்தது.

செய்தியைச் சொல்ல வெண்டல் அலுவலகத்துக்கு ஓடிவந்தபோது டோரீன் கணக்கை முடித்துக் கதவைச் சாத்தப் போனாள். முகாம் பக்கம் செல்போன் எடுக்காது. அலுவலகத் தொலைபேசியில் கர்ட்டைக் கூப்பிட்டு, காலையில் வந்து எடை பார்க்கச் சொன்னான். அளந்தால் ஏரியின் சாதனை நிச்சயம் உடையும் என்றான். மீன் கைவலையில் உயிரோடு இருக்கிறது, படகுத்துறையில் ஷெல்பி பிடித்துக்கொண்டிருக்கிறாள், நீரில் இருந்தால்தான் எடை குறையாது என்றான். பிறகு, "எதுல கடிச்சுது தெரியுமா? நீ மரத்துல செதுக்கி முள்ளு மாட்டின மஞ்சப் பொய்மீன்லதான்" என்றான்.

அவள் காபி ஊற்றிக் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் நின்றுகொண்டே குடித்தான். மீன் எப்படித் தாவியது, ஷெல்பி எப்படி அலறினாள் என்று கையை வீசி நடித்துக் காட்டினான். டோரீன் சிரித்தாள். அவனோடு சிரித்துப் பல வருடம் ஆகியிருந்தது. வந்து பார் என்று அவன் கூப்பிட்டபோது மட்டும், வேலை இருக்கிறது, மூட்டை கட்டிக் கொண்டுவா, ஃப்ரீசரில் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டாள். அந்த மீனை அந்தப் பெண் கையில் பார்க்க அவளால் முடியாது.

அவன் தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஷெல்பியோடும் மூட்டையோடும் திரும்பினான். தூண்டில்கடை எமெட் லிண்ட்க்விஸ்ட்டும் சேதி கேட்டு அதற்குள் வந்திருந்தார். ஆண்கள் இருவரும் மூட்டையைத் தூக்கி ஃப்ரீசரில் வைத்தார்கள். பிரித்துக் காட்டட்டுமா என்று வெண்டல் ஒரு முறை கேட்டான். காத்துப்பட்டால் காய்ந்துவிடும், நீங்கள்தானே சொன்னீர்கள் என்றாள் ஷெல்பி. வேண்டாம் என்றாள் டோரீனும். பூட்டினாள். சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டாள். நடந்தது இவ்வளவுதான்.

கர்ட் இப்போது அவள் கண்ணைப் பார்க்காமல் பேசினார். அவளை நன்றாகத் தெரிந்தவர் என்பதால்தான் பார்க்க முடியவில்லை. மாவட்டத் தலைமைக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்றார். மதியம்வரை பொறுப்பதாகவும், அதுவரை சாவிகள் தன்னிடம் இருக்கட்டும் என்றும் சொன்னார். அவள் இடுப்பிலிருந்து வளையத்தோடு கழற்றி மேசைமேல் வைத்தாள். வேலை போனால் வீடும் போகும். அதைவிட, வெண்டல் பார்த்த பார்வை அவள் நெஞ்சை அறுத்தது.

எல்லாரும் வெளியேறியபின் கித்தானை எடுத்துத் தாழ்வாரக் கம்பியில் போட்டாள். வெயில் ஏறியதும் அது இளகிச் சொட்டியது. வெறுங்கையால் முறுக்கிப் பிழிந்து மறுபடி போட்டாள். கர்ட் கொண்டுவந்த டோனட் பெட்டி மேசையில் திறந்திருந்தது. நின்றபடியே ஒன்றை எடுத்துத் தின்றாள். விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கினாள். என்ன தின்கிறோம் என்ற நினைவே இல்லை. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் எமெட்டின் கடை. புழு டப்பாக்களுக்கு மேலே, சுவரில், அவர் பிடித்த மஸ்கி பாடம் செய்து மாட்டியிருந்தது. இருபது வருடமாக ஏரியின் சாதனை அதுதான்.

"வாம்மா" என்றார் எமெட். "நான் திருடிட்டேனான்னு கேக்க வந்தியா?"

"திருடினீங்களா?"

"ஆசை இருந்துச்சு. சாவி இல்லையே."

"நேத்து அதைப் பார்த்தீங்களா?"

"பார்க்கல. போட்டோ மட்டும் பார்த்தேன். பக்கத்துக் கூடாரத்துக்காரங்க எடுத்தது. வெண்டல் கையில தூக்கிப் பிடிச்சிருந்தான். என்னோடதைவிட ஒரு சாண் பெருசு." சுவரை நிமிர்ந்து பார்த்தார். "ராத்திரி சோறு இறங்கல, உண்மையைச் சொல்றேன்."

"மூட்டையைத் தூக்கினீங்களே. ஏதாவது தோணுச்சா?"

"என்ன தோணும்? என் பேரு போயிடுச்சேன்னு தோணுச்சு. நல்ல கனம். கையில வளைஞ்சு குடுக்கல, அதுக்குள்ள விறைச்சுப் போச்சு. குளிர் அப்படி."

அவருக்கு நன்றி சொல்லிவிட்டு ஏரியைச் சுற்றிப் போகும் நடைபாதையில் இறங்கினாள். மேப்பிள் மரங்கள் சிவந்து நின்றன. முதுகுப் பை மாட்டிக்கொண்டு எதிரே வந்தவர்கள் வணக்கம் சொன்னார்கள். பதில் சொன்னாளா என்று அவளுக்கு நினைவில்லை.

எமெட் எடுத்திருக்க வழியில்லை. வெண்டல்? அவனுக்குச் சாவி மாட்டுகிற இடம் தெரியும். அந்த மீனைத் தேடியே வயதானவன், நேற்று பிடித்தவளோ தூண்டில் வீசக் கற்று இரண்டு நாள் ஆனவள். பொறாமை அவனுக்கும் இருக்கும். ஆனால் அவள் சமையலறைக்குள் யாராவது நுழைந்தால் பலகைத்தரை வீட்டையே எழுப்பிவிடும். போதாததற்கு அவள் நேற்று இரவு தூங்கவே இல்லை.

கூடாரத்துக்கு முன்னால் வெண்டல் படகுக் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான்.

"நான் எடுக்கல, வெண்டல்."

"வேற யாரு?"

"நீயே எடுத்திருக்கலாம்."

அவன் மறுக்கவில்லை. "அவ இழுக்கும்போது தூண்டிலைப் பிடுங்கணும்னு கை துடிச்சுது" என்றான். "இருபது வருஷம், டோரீன். வந்து யாருகிட்ட மாட்டுச்சு பாரு. ஆனா அந்த மீனைக் குப்பையில போட என்னால முடியாது. அதைவிட என் கையை வெட்டிக்குவேன்." சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டான்.

அவள் நம்பினாள். அவனை அவளுக்குத் தெரியும்.

ஷெல்பி படுக்கைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஊருக்குக் கிளம்பும் அவசரம் தெரிந்தது. டோரீன் குரலைக் கட்டுப்படுத்திக்கொண்டு கேட்டாள்.

"வெண்டல் ஆபீஸ்ல இருந்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"துறையிலதான். வலையைப் பிடிச்சுக்கிட்டு. கை மரத்துப்போச்சு."

"யாராவது வந்தாங்களா?"

"இல்ல. போட்டோ எடுத்தவங்க அப்பவே சாப்பிடப் போயிட்டாங்க."

"மீன் எப்ப செத்துச்சு?"

"அவரு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"கித்தான்ல சுத்தினது?"

"நான்தான். வேற யாரு இருந்தா?" ஷெல்பி படுக்கையின் வாரை இறுக்கினாள். "நீங்க ரெண்டு பேரும் சிரிச்சு முடிக்கிறவரைக்கும் நான் தனியாதான் இருந்தேன்."

டோரீன் திரும்பி நடந்தாள். துறைக்குப் போகிற வழியில் கைவலை புதரில் மாட்டிச் சிக்கிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் கை போனது. சிக்கெடுத்து, உதறி, கிளையில் ஒழுங்காகத் தொங்கவிட்டாள். உள்ளங்கையெல்லாம் பிசுபிசுத்தது. மஸ்கியின் வழும்பு. பாதி காய்ந்து பசைபோல் ஒட்டியிருந்தது. கரையில் குந்தி மணலைப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். முகர்ந்து பார்த்தாள். போகவில்லை. சோப்புப் போட்டாலும் இரண்டு நாளைக்குக் கவிச்சி போகாது. அந்தக் காலத்தில் மஸ்கியைப் பிடித்துத் திரும்ப விட்ட நாளில் அவளும் வெண்டலும் ரொட்டியைக்கூட முள்கரண்டியால்தான் குத்தித் தின்பார்கள்.

அப்படியே அசையாமல் இருந்தாள்.

காலையில் கித்தானை இந்தக் கைகளால்தான் பிழிந்தாள். பிழிந்த கையோடு டோனட்டைத் தின்றாள், விரலை நக்கினாள். இனித்தது. கவிச்சி துளியும் நாக்கில் படவில்லை.

அந்தக் கித்தானுக்குள் மீன் இருந்ததே இல்லை.

பூட்டு இரவில் திறக்கப்படவில்லை, யாரும் சாவியைத் தொடவில்லை. ஃப்ரீசருக்குள் போனதே கட்டைதான். எமெட் தூக்கும்போதே அது விறைத்திருந்தது. பிடித்து ஒரு மணி நேரம் ஆகாத மீன் எந்தக் குளிரில் விறைக்கும்? எழுந்து துறையின் ஓரமாக நடந்தாள். மண் சரியாமல் இருக்கக் கரையில் வரிசையாகப் பதித்திருந்த கட்டைகளில் ஒன்றைக் காணோம். அது கிடந்த பள்ளத்தில் சேற்றுநீர் ஊறியிருந்தது. அங்கிருந்து கரைமேடுவரை கனமான எதையோ துணியில் வைத்து இழுத்த தடம்.

வெண்டல் அப்போது அவள் கண்முன்னால் காபி குடித்துக்கொண்டிருந்தான். எமெட் வந்துசேரவில்லை. மிச்சம் ஒருத்திதான்.

ஆனாலும் டோரீனுக்குத் தன்மேலேயே நம்பிக்கை வரவில்லை. வியாழக்கிழமை அந்தச் சிவப்பு ஜாக்கெட்டைப் பார்த்ததிலிருந்து, அவள் ஏதாவது தப்பு செய்யமாட்டாளா என்று மனம் காத்துக் கிடந்தது. இப்போது தப்பு கையில் கிடைத்தது. கேட்டது கேட்டபடி கிடைத்ததே சந்தேகமாக இருந்தது. தான் பிடித்த மீனை, ஏரியிலேயே பெரிய மீனை, ஒருத்தி ஏன் இல்லாமல் செய்ய வேண்டும்?

துறையின் நுனிக்குப் போய், ஷெல்பி வலையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருக்கக்கூடிய இடத்தில் மண்டியிட்டாள். நிமிர்ந்தாள். வளைவின் தண்ணீருக்கு அக்கரையில் நேர் எதிரே அலுவலகத்தின் ஜன்னல் தெரிந்தது. மாலை இருட்டில், உள்ளே விளக்கு எரிந்தால், அது சினிமாத் திரைபோல் தெரிந்திருக்கும். ஒருவன் கையை வீசிக் கதை சொல்கிறான். ஒருத்தி காபி ஊற்றுகிறாள். இருவரும் சிரிக்கிறார்கள்.

வெண்டல் போன இந்த ஆறு வருடத்தில் எத்தனையோ முறை டோரீன் மனசுக்குள் இப்படி ஒரு ஜன்னலுக்கு வெளியே நின்றிருக்கிறாள். அந்தப் பக்கத்து வலி அவளுக்கு அத்துப்படி. இப்போது புரிந்தது.

பதினொரு மணிவாக்கில் எல்லாரையும் துறைக்கு வரச் சொன்னாள். கர்ட், எமெட், வெண்டல், ஷெல்பி. கித்தானை கர்ட்டிடம் கொடுத்தாள்.

"மோந்து பாருங்க."

கர்ட் முகர்ந்தார். "சேத்து வாசனை."

"இப்ப இந்த வலையை."

அவர் வலையை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தார். அவ்வளவுதான், அவருக்கு விளங்கிவிட்டது. கித்தானைத் திருப்பி எமெட்டிடம் நீட்டினார். எமெட் தன் கையையே முறைத்துப் பார்த்தார். கட்டையைத் தூக்கிவிட்டு மீன் என்று நம்பியதற்காக அவருக்கு அவர்மேலேயே எரிச்சல்.

டோரீன் பள்ளத்தைக் காட்டினாள், இழுத்த தடத்தைக் காட்டினாள். யார் எப்போது எங்கே இருந்தார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொன்னாள். பிறகு ஷெல்பியின் பக்கம் திரும்பினாள்.

"மீனை நீங்கதான் விட்டுட்டீங்க."

ஷெல்பி மறுப்பாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் வெண்டலைப் பார்த்துப் பேசினாள்.

"அது கரைக்கு வந்ததும் நீங்க சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? 'டோரீன்கிட்ட சொல்லணும்.' என்னைக் கட்டிப்பிடிக்கல. நல்லா இழுத்தேன்னு சொல்லல. அவங்க ஏரி, அவங்க பொய்மீன், அவங்க தேடின மீன். எனக்குன்னு இதுல என்ன இருந்துச்சு? குளிர்ல பிடிச்சுக்கிட்டே இருந்தேன். அங்க சிரிப்பு நிக்கவே இல்ல. வலையைச் சாய்ச்சேன். போயிடுச்சு."

"அப்ப கட்டை?" என்றார் கர்ட்.

"அங்க இவரு வண்டி கிளம்புற சத்தம் கேட்டுச்சு. பயந்துட்டேன். காலைல சொல்லிடலாம்னுதான் இருந்தேன். ஆனா பிரிச்சதும் எல்லாரும் அவங்களையே பார்த்தீங்க. இவரும் பார்த்தாரு." அவள் குரல் இறங்கியது. "இவரு அவங்களை அப்படிப் பார்த்து நான் பார்த்ததே இல்ல. எனக்கு அது பிடிச்சுது. அதான் பேசாம இருந்துட்டேன்."

வெண்டல் ஒரு அடி முன்னால் வந்தான்.

"உயிரோடவா விட்ட?"

"ம்."

"நல்லா நீந்திப் போச்சா? தலைகீழாப் போகலையே?"

ஷெல்பி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நல்லாத்தான் போனது என்றாள். வெண்டலின் முகம் தெளிந்தது. திரும்பி நாணல் பக்கம் பார்த்தான். எந்தத் திசையில் போனது என்று கேட்டான். கேட்டுக்கொண்டே கால் படகை நோக்கி நகர்ந்தது. எமெட் பேசாமல் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் சுவருக்கு இனி ஆபத்தில்லை.

கர்ட் சாவி வளையத்தை டோரீன் கையில் வைத்து, புகார் ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டார்.

"மீன் அவங்களோடது. விடறது அவங்க இஷ்டம்" என்றாள் டோரீன். "காலைல நான் திருடி மாதிரி நின்னப்போ வாயைத் திறக்காம இருந்தாங்களே, அதுக்கு எழுத உங்ககிட்ட எதுவும் இருக்காது."

கர்ட் தலையசைத்துவிட்டுப் போனார். படகின் எஞ்சின் கிளம்பி நாணல் வளைவுக்குள் மறைந்தது. துறையில் பெண்கள் இருவர் மட்டும் நின்றார்கள்.

"மன்னிச்சிருங்க" என்றாள் ஷெல்பி.

"அவ்வளவு சீக்கிரம் முடியாது."

"ஒண்ணு கேக்கவா? நேத்தே நீங்க பிரிச்சுப் பார்த்திருந்தா அப்பவே மாட்டியிருப்பேன். ஏன் பார்க்கல?"

டோரீன் பொய் சொல்ல நினைத்தாள். "பொறாமை" என்றாள். "உன் கையில அதைப் பார்க்க முடியல."

ஷெல்பி தலையசைத்தாள். பிறகு ஊருக்குப் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள். வண்டிச் சாவி வெண்டலோடு ஏரிக்குள் போயிருந்தது. பஸ் நிற்கிற ஊர் தூரம். டோரீன் பூங்கா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஷெல்பி பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி பூங்கா வாயிலைத் தாண்டியது.

பெரிய சாலையில் திரும்பியதும் டோரீன்தான் கேட்டாள். ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எப்படி இருந்துச்சு?"

"எது?"

"மீனு."

ஷெல்பி இரண்டு கைகளையும் விரித்தாள். வண்டிக்குள் இடம் போதவில்லை. கண்ணாடியை இறக்கி ஒரு கையை வெளியே நீட்டி அளந்து காட்டினாள். முதுகு பச்சையும் செம்புமாக மின்னியது என்றாள். தாடையில் பழைய தூண்டில் முள் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது என்றாள். விட்டபிறகும் உடனே போகாமல் அவள் கைக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது என்றாள்.

"எந்தப் பக்கத் தாடை?" என்று கேட்டாள் டோரீன், வண்டியின் வேகத்தைக் குறைத்தபடி.